செகே வாசிக்க எந்த ரவான் வாங்கலாம்?

மொரிஷியஸின் செகே பாடகர் காயாவின் பாட்டைக் கேட்டு ஆசைப்பட்டு, அந்த இசைக்குக் கையால் தட்டி வாசிக்கும் ஒருமுகத் தோல்வாத்தியமான ரவானை வாங்கக் கிளம்புகிறவர்களில் பலர் தவறான ரவானோடுதான் வீடு திரும்புகிறார்கள். கடையில் தட்டிப் பார்த்தபோது ‘தொம்’ என்று கேட்ட தோல், மறுநாள் மழை பெய்ததும் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் ஆகிவிடும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். ரவான் அப்படித்தான். அதை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படித் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவது என்று யாரும் சொல்லிக் கொடுக்காததுதான் குறை.

மொரிஷியஸில் இப்போது மூன்று விதமான ரவான் விலைக்குக் கிடைக்கிறது: ஆட்டுத்தோல் இழுத்தது, செயற்கைத்தோல் போட்டது, சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்த அலங்கார ரவான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். செகே வாசிக்கப் போகிறவருக்கு 45 முதல் 50 செ.மீ. விட்டமுள்ள ஆட்டுத்தோல் ரவான்தான் சரி. மழைக்காலத்தில் மேடை ஏறுகிறவர் கூடவே செயற்கைத்தோல் ஒன்றும் வைத்துக்கொள்ளட்டும். மூன்றாவது ரகத்தைச் சுவரில் மாட்டலாம்.

ஏன் 45, ஏன் 60 இல்லை என்பதற்குக் காயா செய்த வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

காயாவின் இயற்பெயர் ஜோசஃப் ரெஜினால்ட் தோப்பீஸ். 1960 ஆகஸ்ட் 10 அன்று போர்ட் லூயிஸின் வடக்கு ஓரம், துறைமுகத்தை ஒட்டிய ரோஷ் புவாவில் பிறந்தார். நிக்கோலே சாலை சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போய்வருகிற தமிழர்களுக்கு அந்தப் பக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கோபுரத்திலிருந்து ரொம்ப தூரம் இல்லை. ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி 1978இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயரைத்தான் தன் மேடைப்பெயராக எடுத்துக்கொண்டார். (தமிழ்க் காதுக்குக் காயாத தோல் ஞாபகம் வரும். சம்பந்தமில்லை.) தொடக்கத்தில் ரெகேதான் பாடினார். அடிமைகளின் வழிவந்தவர்கள் ஜமைக்காவில் செய்த பாட்டு, அதே வழியில் வந்தவர்கள் வாழும் ரோஷ் புவாவில் எடுபட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் ரோஷ் புவாவுக்குச் சொந்தமாக ஒரு தாளம் ஏற்கெனவே இருந்தது. அடிமைகளாக வந்தவர்கள் வளர்த்த பாட்டும் ஆட்டமுமான செகா அது. 1980களில் தன் ராசின்தாதான் குழுவோடு அவர் இந்த இரண்டையும் ஒரே பாட்டுக்குள் உட்கார வைத்தார். செகா, ரெகே இரண்டும் சேர்ந்து செகே ஆனது. பாட்டு மொழி, மொரிஷியஸின் பேச்சுமொழியான கிரியோல்.

கேட்க எளிதாக இருக்கிறது; வாசிக்கும்போதுதான் சிக்கல் தெரியும். செகா நம் கணக்கில் திச்ர நடை. தகிட தகிட என்று மூன்று மூன்றாகப் போகும். அதற்குள்ளேயே ஆறு அடியைத் தக தக தக என்று இரண்டிரண்டாகவும் உடைத்து விளையாடுவார்கள். முக்கோணக் கம்பி ஒரு கணக்கில் போகும், ரவான் இன்னொன்றில் போகும், ஆடுகிறவரின் இடுப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கும். ரெகே சதுச்ரம். நாலு எண்ணிக்கை, கிதார் இரண்டிலும் நாலிலும் வெட்டும், டிரம்ஸின் பெரிய அடி மூன்றில் விழும், முதல் எண்ணிக்கை காலி. அந்தக் காலி இடம்தான் ரெகேயின் உயிர். ஆக, செகேயில் நாலு எண்ணிக்கையும் அப்படியே நிற்க, ஒவ்வொன்றுக்குள்ளும் தகிட ஓட வேண்டும். ஆதி தாளத்தைத் திச்ர நடையில் போட்டுப் பழகிய மிருதங்கப் பிள்ளைகளுக்கு இது அரைநாள் வேலை. மேற்கத்திய டிரம்ஸ் மட்டும் கற்றவர்கள்தான் திணறுவார்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்று உண்டு. செகா கற்றவர் கை பழக்கதோஷத்தில் முதல் எண்ணிக்கையில் நடுத்தோலைக் கனமாக அடித்துவிடும். ரெகே காலியாக விட்டுவைத்த இடத்தை அது அடைத்துவிடுகிறது. பாட்டு உடனே கல்யாண வீட்டுச் செகா மாதிரி ஆகிவிடும். கனத்த அடியை மூன்றுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் விரல் நுனியால் ஓரத்தை மட்டும் தொட்டால் போதும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஆரம்பித்து, கை தானாக ஓடத் தொடங்கிய பிறகு 90க்கு ஏற்றுங்கள். அவசரப்பட்டால் திச்ரம் நசுங்கிச் சதுச்ரமாகிவிடும். செகேயைக் கெடுப்பவர்களில் பாதிப்பேர் கெடுப்பது இங்கேதான்.

இனி விட்டத்துக்கு வருவோம். மைக், பேஸ் கிதார் எதுவும் இல்லாமல் தீ மூட்டி அதைச் சுற்றி ஆடும் பழைய செகாவில், கீழ்ச்சுரம் முழுவதையும் ரவானே சுமக்க வேண்டும். அதனால் 55, 60 செ.மீ. பெரிய வளையம் தேவைப்பட்டது. செகேயில் கீழ்ச்சுரத்துக்குப் பேஸ் கிதார் இருக்கிறது. அதன் தடித்த கம்பியின் அதிர்வு நொடிக்கு 41தான். பெரிய ரவானும் அதே பக்கத்தில் முழங்கினால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கி, கேட்பவர் வயிற்றில் ஒரு குழப்பமான அதிர்வு மட்டும் மிஞ்சும். ஒரே தோலை ஒரே விறைப்பில் இழுத்தால் வளையம் சிறுக்கச் சிறுக்கச் சுருதி ஏறும். 60 செ.மீ. வளையத்திலிருந்து 45க்கு வந்தால் ஏற்றம் மூன்றுக்கு நாலு. ‘ச’ பேசிய இடத்தில் ‘ம’ பேசும். அந்த மத்திமம்தான் பேஸுக்கும் கிதார் வெட்டுக்கும் நடுவே ரவானுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுக்கிறது.

ஆட்டுத்தோல் ரவானை நல்ல வெளிச்சம் இருக்கும்போதுதான் வாங்கப் போக வேண்டும். தோலைச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். முதுகெலும்பு ஓடிய இடம் கொஞ்சம் கருத்த பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டை வளையத்தின் நடுவே போக வேண்டும். ஓரமாக ஒதுங்கியிருந்தால் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் வயிற்றுத் தோலின் மெலிவு என்று பொருள். காய்ச்சும்போது இரண்டும் ஒரே மாதிரி இறுகாது. உரித்தவரின் கத்தி பட்ட இடம் வெளிச்சத்தில் வெள்ளைக் கீறலாகத் தெரியும். ஓரத்தில் ஒரு கீறல் இருந்தால் பரவாயில்லை. நடுவில் இருந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். முடி எடுத்ததில் அங்கங்கே துளிர் மிச்சம் இருந்தால் அது குறை அல்ல. கை பட்டுப் பட்டுத் தேய்ந்து போகும்.

அடுத்து வளையம். சமதரையில் கவிழ்த்து வைத்து எதிரெதிர் ஓரங்களை அழுத்திப் பாருங்கள். ஆடினால் முறுக்கு இருக்கிறது. அதை எந்தச் சூடும் சரிசெய்யாது. வளைத்த பலகையின் இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஒட்டு எங்கே என்று தேடி, அதில் நகத்தை நுழைத்துப் பாருங்கள். நகம் நுழைந்தால் பத்து முறை தீயைக் கண்டதும் திறந்துகொள்ளும். ஒட்டுப்பலகை வளையமாக இருந்தால் அடுக்குகளின் விளிம்பைக் கவனியுங்கள். சூட்டில் முதலில் பிரிவது அதுதான். ஆணி பித்தளையாக இருந்தால் நல்லது. கடற்காற்றில் இரும்பு ஆணி துருப்பிடிக்கும். துரு தோலைத் தின்னும். ஓராண்டில் ஆணி ஓட்டையிலிருந்து கிழிசல் கிளம்பும். கரையோர ஊர்களில் கிழிந்து கிடக்கும் ரவான்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் கிழிசல் ஆணி ஓட்டையில்தான் ஆரம்பித்திருக்கும்.

கடைசியாக ஓரத்தைச் சுற்றி எட்டு இடத்தில் விரலால் தட்டுங்கள். மிருதங்கத்துக்குச் சுருதி பார்க்கிற அதே காரியம். எட்டும் அச்சாக ஒன்றாயிருக்காது; அரைச்சுரத்துக்குள் இருந்தால் போதும். மூக்கையும் பயன்படுத்துங்கள். நன்றாகக் காய்ந்த தோலில் லேசான ஆட்டு வாடை இருக்கும், அது போகாது. அழுகல் வாடை அடித்தால் சதையைச் சரியாகச் சுரண்டி எடுக்கவில்லை, வண்டு வரும். கடையில் கேட்க வேண்டிய கிரியோல் கேள்வி சின்னதுதான்: “லபோ கப்ரி?” ஆட்டுத்தோலா என்று அர்த்தம். பதில் சொல்வதற்கு முன் கடைக்காரர் ஒரு கணம் யோசித்தாரானால் நீங்களும் யோசியுங்கள்.

காய்ச்சுவதில் நம் ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. தப்பை, பறையைத் தீயில் காட்டி ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு ரவான் அந்நியமாகத் தெரியாது. ரவான் என்ற பெயரே தமிழிலிருந்து வந்ததுதான் என்று வாதிடுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். பெயர் எங்கிருந்து வந்திருந்தாலும், வாத்தியத்தை வளர்த்தது மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கை. கஞ்சிராக்காரர் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்குவார். ரவான்காரர் தீ காட்டி ஏற்றுவார். இரண்டும் ஒரே உண்மையின் இரண்டு பக்கம்: தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும், விட்டால் இறுகும்.

காய்ந்த கரும்புச் சோகை, தென்னோலை, பழைய செய்தித்தாள், எதுவும் ஆகும். கொழுந்து விட்டு எரிந்து சீக்கிரம் அடங்குகிற தீ வேண்டும். கரித்துண்டின் நிதானமான அனல் ஒரே இடத்தைச் சுடும், அதனால் அது வேண்டாம். தோல் பக்கத்தைத் தீக்குக் காட்டி, ஒரு கை நீளத் தூரத்தில் பிடித்து, வண்டிச் சக்கரம்போல் சுற்றிக்கொண்டே இருங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நடுவில் ஒரு தட்டு. முதலில் ‘பொத்’, பிறகு ‘தொம்’, அதன்பின் அடிவயிற்றில் ஒரு இழுவை இருக்க மேலே தெளிவாக ‘டும்’. அங்கே நிறுத்துங்கள். புறங்கையைத் தோலில் வைத்தால் வெந்நீர்ச் சொம்பைத் தொட்டதுபோல் இருக்க வேண்டும். கையை இழுத்துக்கொள்ள வைக்கும் சூடு என்றால் அளவு தாண்டிவிட்டது. மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும்.

ஈரமான தோலை நேரே தீயில் காட்டுவது பெரிய தப்பு. பச்சைத் தோல் நனைந்திருக்கும்போது 60 டிகிரியைத் தாண்டினாலே அதன் நார்கள் நிரந்தரமாகச் சுருங்கிவிடும். கோழித்தோல் வாணலியில் சுருளுகிறதே, அதேதான். காய்ந்த தோல் அதைவிடச் சூடு தாங்கும். மழையில் நனைந்த ரவானை முதலில் துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட ஒரு மணி நேரமாவது வைத்துவிட்டுத்தான் தீயிடம் கொண்டுபோக வேண்டும். சுருங்கிய இடம் கண்ணாடிபோல் பளபளக்கும், தட்டினால் ‘டிக்’ என்று செத்த ஒலி வரும். அதற்கு மருந்து கிடையாது, தோலைத்தான் மாற்ற வேண்டும்.

ஏற்றிய சுருதி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஊரைப் பொறுத்தது. போர்ட் லூயிஸின் உலர்ந்த குளிர்கால மாலையில் ஒரு மணி நேரம்கூட ஓடும். மேட்டு நிலத்தில் மழையும் மூடுபனியுமாக இருக்கும் கியூர்பிப்பில் மூன்று பாட்டுக்குள் இறங்கிவிடும். தைப்பூசக் காவடி வருகிற சனவரி, பிப்ரவரி மாதங்களில் எங்கே இருந்தாலும் அரைமணிக்கு ஒருமுறை “சோஃப் ரவான்” (ரவானைச் சூடாக்கு) என்று யாராவது குரல் கொடுக்க வேண்டியிருக்கும். இது தொல்லைதான். ஆனால் இறங்கிக்கொண்டே போகும் அந்தச் சுருதிதான் ஆட்டுத்தோலின் ருசி. முதல் பாட்டுக்கும் ஐந்தாம் பாட்டுக்கும் ரவான் ஒரே குரலில் பேசாது. பாடகர் அதற்குத் தன்னைப் பொருத்திக்கொள்வார்.

அரங்குகளில் தீ மூட்ட விடமாட்டார்கள். தலைமுடி உலர்த்தும் கருவி போதும். ஒரு சாண் தூரத்தில் வைத்து நகர்த்திக்கொண்டே ஐந்து நிமிடம். பெயிண்ட் உரிக்கும் வெப்பக் காற்றுத் துப்பாக்கியை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். இரண்டு நொடி ஒரே இடத்தில் நின்றால் தோலில் வட்டமாகப் பழுப்புத் தழும்பு விழும். காரின் பின்பெட்டியில் நாள் முழுக்கப் போட்டு வைப்பதும் அதேபோல்தான். யாரும் கவனிக்காமல் மணிக்கணக்கில் நடக்கும் காய்ச்சல் அது. தோல் இறுகி வளையத்தையே கோணலாக்கிவிடும். வைக்கப் பருத்தித் துணிப்பை நல்லது, பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லும் அறிவுரையைக் காதில் வாங்காதீர்கள். எண்ணெய் குடித்த தோல் எழும்பாது.

செயற்கைத்தோல் ரவானைப் பற்றிப் பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அவ்வளவு தேவையில்லை. பாலியெஸ்டர் படலத்துக்கு மழை தெரியாது, தீ வேண்டாம், வண்டு தின்னாது. பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர் முப்பது ஆட்டுத்தோலைக் காய்ச்சிக்கொண்டிருக்க முடியாது. அங்கே இதுதான் சரி. குறை ஒலியில். அடித்தபின் ‘ங்ங்’ என்று ஒரு மணியோசை தொங்கிக்கொண்டே நிற்கும். செகாவின் வேகத்தில் அது ஓரளவு மறையும். செகேயில் அடிகளுக்கு நடுவே காலி இடம் அதிகம் என்பதால் அந்த மணி அம்மணமாகக் கேட்கும். உள்பக்கம் ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி, ஐந்து செ.மீ. சதுரத்தில் துணிநாடா ஒன்றை ஒட்டினால் பாதி அடங்கும். இரண்டு ஒட்டினால் முழுக்க அடங்கி அட்டைப்பெட்டி ஆகிவிடும், ஒன்றோடு நிறுத்துங்கள். திருகு வைத்த மாதிரியானால் சாவியை ஒரு திருகுக்கு அரைச்சுற்று மட்டும் திருப்பி, உடனே எதிர்ப்பக்கத் திருகுக்குப் போக வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் திருகாக முடுக்கிக்கொண்டே போனால் வளையம் நீள்வட்டமாகும். வேர்த்த கை படலத்தில் ஒட்டிக்கொண்டு விரல் வழுக்காமல் நிற்கும். கொஞ்சம் பவுடர் போட்டுக்கொள்வார்கள்.

அலங்கார ரவானில் கடற்கரையும் டோடோ பறவையும் வரைந்திருக்கும். தோலின்மேல் பெயிண்ட் ஏறினாலே அது வாசிக்கிற பொருள் இல்லை. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

உட்கார்ந்து, ரவானை இடது தொடையில் நிறுத்தி, இடது முன்கை வளையத்தின் மேல் சாய, அந்தக் கை விரல்கள் ஓரத்தில் சின்ன அடிகளைப் போட, வலது உள்ளங்கை நடுவுக்கும் ஓரத்துக்கும் போய்வர வேண்டும். கஞ்சிரா வாசித்தவர்கள் ஒரே கையால் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பார்கள். இங்கே இரண்டு கையும் பேச வேண்டும். நடுவில் அடித்ததும் உள்ளங்கையை உடனே எடுத்துவிடுங்கள், தோல் மூச்சு விடட்டும். ஓரத்து அடியில் விரல்கள் தளர்ந்து இருக்க வேண்டும். விறைத்த விரல் நாலு பாட்டில் வீங்கிவிடும்.

மைக் வைக்கும்போது ரவானின் பின்பக்கம், நடுவிலிருந்து கொஞ்சம் விலக்கி, ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். முன்பக்கம் வைத்தால் விரல் உரசல்தான் பெரிதாகக் கேட்கும். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடச் சொல்லுங்கள். ஒலிக்காரர் “ரவான்னா பேஸ் வேணுமே அண்ணே” என்று மறுப்பார். பேஸ் கிதாரை ஒருமுறை நிறுத்தி, ஒருமுறை வாசிக்க விட்டுக் காட்டுங்கள். இரண்டாம் முறை அவரே குமிழைத் திருப்புவார்.

உள்ளே விதை போட்டுக் குலுக்கும் மரவானும் முக்கோணக் கம்பியும் இல்லாமல் செகா நிறைவாகாது. செகேயில் மரவானின் சரசரப்பை டிரம்ஸின் ஹை-ஹாட் (இரட்டைத் தாளத்தட்டு) எடுத்துக்கொள்ள முடியும், அதனால் முதல் செலவு ரவானுக்கே இருக்கட்டும்.

ரவானுக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா, டிரம்ஸ் இருக்கும்போது செகேக்கு இது எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கேட்கும்போது இந்த வாத்தியம் எங்கெங்கே இருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1964இல் தீவின் தென்மேற்கு முனையான லெ மோர்னில் நடந்த செகா இரவில் பாடகர் தி ஃப்ரேரைச் செகாவின் ராஜா என்று முடிசூட்டினார்கள். அதன்பிறகு வந்த பல ஆண்டுகளில் செகா என்றால் ஓட்டலில் விருந்தினருக்கு முன் பூப்போட்ட பாவாடை சுழற்றும் ஆட்டம் என்றே பலருக்குப் பழகிப்போனது. காயா அதே திச்ரத்தை எடுத்து, ரோஷ் புவாவின் வேலையின்மையையும் கோபத்தையும் ஜமைக்காவில் பிறந்த ராஸ்தாஃபாரி சமயத்தாரான ராஸ்தாக்களின் நம்பிக்கையையும் அதன்மேல் ஏற்றினார். ஆட வைக்கிற தாளம் நின்று கேட்க வைக்கிற தாளமாயிற்று. அவருக்குப் பிறகு செகே பக்கத்துத் தீவுகளான ரீயூனியனுக்கும் ரொட்ரீகுக்கும் பரவியது. யுனெஸ்கோ பாரம்பரியச் செகாவைத் தன் பட்டியலில் சேர்த்தது 2014இல்தான்.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1999 பிப்ரவரி 16 அன்று ரோஸ் ஹில்லில், கஞ்சா புகைப்பதைக் குற்றமாகக் கருதக் கூடாது என்று கேட்டு நடந்த கச்சேரியில் பாடினார். அங்கே கஞ்சா புகைத்ததாகக் கைது செய்யப்பட்டார். பிப்ரவரி 21 அன்று போர்ட் லூயிஸ் லைன் பாரக்ஸ் காவல் கொட்டடியில் தலைக்காயத்தோடு இறந்து கிடந்தார். வயது 38. காயம் எப்படி வந்தது என்பதில் காவல்துறை சொல்வது ஒன்று, ரோஷ் புவா சொல்வது ஒன்று. தீவு நாலைந்து நாள் எரிந்தது. இன்னொரு ரெகே பாடகர் பெர்ஜே அகாத் அந்தக் கலவரத்தில் சுடப்பட்டு இறந்தார். குடியரசுத் தலைவர் காசம் உத்தீம் தெருவில் இறங்கி அமைதி கேட்க வேண்டியிருந்தது. பிப்ரவரி வந்தால் காயாவின் பாட்டு ஒலிக்காத பேட்டை குறைவு. அந்தப் பாட்டை மேடையில் எடுக்கிற குழு பின்னால் ஒரு ரவானை வெறும் காட்சிக்கு நிறுத்திவிட்டு மின்பெட்டியில் தாளம் ஓட்டினால், கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

வாங்கிய தோல் எத்தனை வருடம் வரும் என்று கேட்டால், வாரம் ஒருமுறை வாசித்து ஒழுங்காகக் காய்ச்சினால் நாலைந்து வருடம் தாராளமாக வரும். கிழிந்தால் முழு ரவானையும் மாற்றாதீர்கள். வளையம் நன்றாக இருந்தால் தோல் மட்டும் வாங்கி நீங்களே இழுக்கலாம். பழைய ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வளையத்தின் விளிம்பை உப்புத்தாளால் மழமழப்பாக்குங்கள். கூர்விளிம்பு புதுத் தோலை அறுத்துவிடும். தோலைச் சாதாரணப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். வெந்நீர் கூடாது, காரணம் மேலே சொன்ன அதே சுருக்கம். முடி இருந்த பக்கம் வெளியே வரும்படி போர்த்தி, வடக்கே ஓர் ஆணி, தெற்கே ஓர் ஆணி, பிறகு கிழக்கு மேற்கு என்று எதிரெதிரே இழுத்து அடித்துக்கொண்டு வாருங்கள். இரண்டரை செ.மீ.க்கு ஓர் ஆணி என்றால் 50 செ.மீ. வளையத்துக்கு அறுபத்துச் சொச்சம் ஆணி ஆகும். ஈரத்தில் இருக்கும்போது முரசு மாதிரி விறைக்க இழுக்காதீர்கள். கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு விரல் கனம் உள்ளே போகட்டும், காயும்போது மீதியைத் தோலே இழுத்துக்கொள்ளும். ரொம்ப இழுத்துவிட்டால் மூன்றாம் நாள் வளையம் சப்பாத்தி சூட்டில் உப்பியதுபோல் வளைந்து நிற்கும். நிழலில், காற்றாட, மூன்று நாள். நாலாம் நாள் விளிம்பில் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு முதல் தீயைக் காட்டலாம்.